பேணிக்குள் கிடக்கும் நெகட்டிவ்களுக்கு எந்த ஸ்கானர்?

எங்கள் வீட்டு நெகட்டிவ்கள் ஒரு பெரிய பிஸ்கட் பேணிக்குள் இருக்கின்றன. 1995 ஒக்டோபரில், யாழ்ப்பாண இடப்பெயர்வில், கொக்குவிலை விட்டு வெளிக்கிட்டபோது காணி உறுதி, நகை, அடையாள அட்டைகளோடு அம்மா இந்தப் பேணியையும் எடுத்துக்கொண்டார். அல்பங்கள் ஏழையும் வீட்டிலேயே விட்டுவிட்டார். "அல்பம் பாரம். இது இருந்தால் திரும்பக் கழுவலாம்" என்பது அவருடைய கணக்கு. பேணி சைக்கிள் கரியரில் சாவகச்சேரி வரை போய், அடுத்த வருடம் திரும்பி வந்தது. அல்பங்களை அதன் பிறகு யாரும் காணவில்லை.

அம்மாவின் கணக்கு சரிதான், ஆனால் பேணி முப்பது வருடம் அப்படியே கிடந்தது. போன மாரியில் திறந்தபோது ஒரு மூலையில் பூஞ்சணம் பிடித்திருந்தது. சில சுருள்களில் வினாகிரி மணம் வந்தது. பழைய அசிட்டேட் பிலிம், சூட்டிலும் ஈரத்திலும் கிடந்தால் உள்ளுக்குள்ளேயே உக்கத் தொடங்கும். அப்போது வெளிவரும் அமிலத்தின் மணம் அது. தொடங்கினால் நிற்காது, பக்கத்தில் இருக்கும் சுருளுக்கும் தொற்றும். உடனே ஸ்கான் பண்ண வேண்டும் என்று முடிவெடுத்தோம். எதில் பண்ணுவது என்பதில்தான் குடும்ப வட்ஸப் குழுவில் இரண்டு கிழமை சண்டை நடந்தது.

ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் பிளாட்பெட் கட்சி. அதாவது ஆவணம் வைக்கிற கண்ணாடி ஸ்கானர்தான், ஆனால் மூடிக்குள்ளும் விளக்கு உள்ளது. லண்டன் அத்தான் பிலிம் ஸ்கானர் கட்சி. பிலிமை மட்டும் உள்ளே வாங்குகிற, பாண் சுடுகிற டோஸ்டர் அளவிலான பெட்டி. கடைசியில் மச்சான் தன் எப்சன் வி600ஐச் சூட்கேஸில் கொண்டுவந்து இங்கேயே விட்டுப்போனார். அத்தான் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது தன் பிளஸ்டெக் ஒப்டிக்பிலிம் 8200ஐக் கையோடு கொண்டுவந்து, போகும்போது திரும்பக் கொண்டுபோனார். ஆக, மூன்று கிழமைக்கு ஒரே மேசையில் இரண்டும் இருந்தன. ஒரே நெகட்டிவை இரண்டிலும் போட்டுப் பார்க்கிற வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்காது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. "பிலிமும் ஸ்கான் பண்ணலாம்" என்று சொல்லி விற்கப்படும் எல்லா பிளாட்பெட்டும் பிலிமுக்கு உதவாது. பிரிண்டரோடு சேர்ந்து வரும் ஸ்கானரின் மூடிக்குள் வெள்ளைத் தாள் மாதிரி ஒரு பஞ்சுதான் இருக்கும். நெகட்டிவுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வர வேண்டும். மூடியைத் திறந்து, வெள்ளைப் பலகை கழன்று வருமா, அதன் உள்ளே நீள விளக்கு உண்டா, பிலிமைப் பிடித்து வைக்கிற சட்டம், அதாவது ஹோல்டர், கூட வருகிறதா என்று பார்த்துவிட்டு மிச்சத்தைப் பேசுங்கள்.

சரி, டிபிஐ, அதாவது ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு. வி600 பெட்டியில் 6400 என்று போட்டிருக்கிறது, பிளஸ்டெக்கில் 7200. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் தோன்றும், எங்கள் சண்டையும் அங்கேதான் சிக்கி நின்றது. இந்த எண்கள் உள்ளே உள்ள சென்சர் எத்தனை புள்ளி எடுக்கிறது என்பதைத்தான் சொல்கின்றன. லென்ஸ் எவ்வளவு தெளிவாகக் காட்டுகிறது என்பது வேறு கதை. சோதனை அட்டையை வைத்து அளந்தால் வி600 உண்மையில் பிரித்துக் காட்டுவது சுமார் 1500 டிபிஐ. இதன் பெரிய அண்ணன் வி850 சுமார் 2300. பிளஸ்டெக் 8200 சுமார் 3250. 35 மி.மீ., அதாவது சாதாரண கமராவில் போடும் பிலிமின் ஒரு பிரேம் 24க்கு 36 மில்லிமீற்றர் என்பதால், வி600இல் உங்கள் கைக்கு வரும் உண்மையான விவரம் 3 மெகாபிக்சல், பிளஸ்டெக்கில் 14. அச்சடித்தால் முதலாவது அஞ்சலட்டையை விடக் கொஞ்சம் பெரிது. மற்றது பத்துக்குப் பதினைந்து அங்குலம், சுவரில் மாட்டலாம்.

கண்ணால் பார்த்தால் எப்படி? சித்தியின் கலியாணவீட்டுப் படம் ஒன்றை இரண்டிலும் போட்டேன். 1988, கலர் நெகட்டிவ், மணவறைக்குப் பக்கத்தில் அம்மம்மா நிற்கிறார். தொலைபேசித் திரையில் இரண்டும் ஒன்றுதான், யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கணினியில் பெரிதாக்கியதும் வி600 படத்தில் அம்மம்மாவின் அட்டியல் மஞ்சளாக ஒரு பட்டை. பிளஸ்டெக்கில் கற்களை எண்ணலாம். அந்த அட்டியல் இடப்பெயர்வுக் காலத்தில் விற்றுப்போன ஒன்று. அம்மா கணினிக்குக் கிட்ட வந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அத்தான் அன்றைக்கு வென்றுவிட்டார் என்றே நினைத்தோம்.

அடுத்த நாள் மாமாவின் பிலிம்களை எடுத்தேன். மாமா பள்ளிக்கூட வாத்தியார். இரண்டு கண் வைத்த யாஷிக்கா கமரா வைத்திருந்தார், வயிற்றுக்கு நேரே பிடித்து மேலிருந்து குனிந்து பார்க்கிறது. அதில் போவது 120 பிலிம், ஆறு சென்ரிமீற்றர் சதுரப் படம், ஒரு சுருளில் 12. பேணியில் இப்படி 22 சுருள் இருந்தன, கிட்டத்தட்ட எல்லாம் கறுப்பு வெள்ளை. பிளஸ்டெக் 8200இன் வாய்க்குள் இது போகவே போகாது, அது 35 மி.மீ.க்கு மட்டும். 120ஐயும் வாங்குகிற பிலிம் ஸ்கானர் உண்டு, பிளஸ்டெக்கே ஒன்று செய்கிறது. ஆனால் விலை குடும்பப் பேணிக்கு உரியது அல்ல. பிளாட்பெட்டோ எதையும் மறுக்காது. படத்தின் பரப்புப் பெரிதாக இருப்பதால் அதே 1500 டிபிஐயில்கூட 11 மெகாபிக்சல் கிடைக்கிறது.

அப்படி வந்த படங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். யாழ்ப்பாணம் பொது நூலகம், 1981இல் எரிவதற்கு முன்னே. வாசலில் மாமாவும் இரண்டு நண்பர்களும் சைக்கிளோடு. பின்னால் குவிமாடம், அதன் கீழே சன்னல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. 97,000 புத்தகங்கள் உள்ளே இருந்த கட்டடம் என்று யோசித்துக்கொண்டு அந்தச் சன்னல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். மட்டமானது என்று நாங்கள் ஒதுக்க இருந்த ஸ்கானர்தான் அதை எடுத்துத் தந்தது. மச்சானுக்குப் படத்தை அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது, அதிலேயே ஏளனம் தெரிந்தது.

ஸ்லைட், அதாவது நெகட்டிவ் மாதிரித் தலைகீழாக இல்லாமல் உண்மை நிறத்திலேயே தெரிகிற பிலிம், வேறு வழக்கு. பேணியில் 70 ஸ்லைட் இருந்தன, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த பெரியப்பா எடுத்தவை. நெகட்டிவை விட ஸ்லைடில் இருட்டு அடர்த்தியானது. அதன் ஊடாகப் பார்க்க நல்ல சென்சர் வேண்டும். யாழ்தேவி ஸ்டேசனில் நிற்கிற படம் ஒன்று உண்டு. 1990இல் நின்றுபோய் 2014இல்தான் திரும்ப யாழ்ப்பாணம் வந்த ரயில், ஆகவே எங்கள் வீட்டில் அதற்கு மரியாதை கூட. வி600இல் மேடைக் கூரையின் கீழே எல்லாம் கரிக்கட்டி, அதற்குள் நிறப் புள்ளிகள் கொதிக்கின்றன. பிளஸ்டெக்கில் அங்கே ஒரு வாங்கும் அதில் இருக்கும் ஒரு கிழவரும் தெரிகிறார்கள். ஸ்லைட் மட்டும்தான் உங்களிடம் இருக்கிறது என்றால் மேற்கொண்டு வாசிக்க வேண்டாம், பிலிம் ஸ்கானரை எடுங்கள்.

இனித் தூசியும் பூஞ்சணமும். எங்கள் ஊரில் இதுதான் டிபிஐயை விடப் பெரிய விசயம். சோளகக் காற்று அடிக்கிற காலத்தில் செம்மண் தூசி வீட்டுக்குள் எங்கும் போகும். பிளாட்பெட்டில் பிலிமின் இரண்டு பக்கம், கீழ்க் கண்ணாடியின் இரண்டு பக்கம், மூடிக் கண்ணாடியின் இரண்டு பக்கம் என்று தூசி உட்கார ஆறு இடம் உண்டு, அதில் இரண்டு உங்கள் கை போகாத உட்பக்கம். பிளஸ்டெக்கில் கண்ணாடி இல்லை. பிலிமின் இரண்டு முகமும்தான். மின்விசிறியை நிற்பாட்டி, காற்றூதும் ரப்பர்ப் பந்தால் ஊதி, மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டுத்தான் ஒவ்வொரு பட்டையையும் வைக்க வேண்டும். மே மாதத்து மத்தியானத்தில் விசிறி இல்லாமல் இருந்து பாருங்கள், டிஜிற்றல்மயமாக்கம் என்பது தவம் என்று விளங்கும்.

இரண்டிலும் அகச்சிவப்புத் துப்புரவு உண்டு, டிஜிட்டல் ஐஸ் என்று எப்சன் காரர் சொல்வது இதைத்தான். கலர் பிலிமின் சாயத்தை அகச்சிவப்புக் கதிர் ஊடுருவிப் போய்விடும், தூசியும் கீறலும் மறிக்கும். மறித்த இடத்தை மட்டும் கண்டுபிடித்து மென்பொருள் நிரப்புகிறது. எங்கள் கலர் நெகட்டிவ்களில் மெல்லிய பூஞ்சண நூல்களைக்கூட இது மறைத்துவிட்டது. சாயத்தையே தின்றுவிட்ட இடங்களில் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் மாமாவின் கறுப்பு வெள்ளையில் போட்டால் படம் நாசம். அங்கே படமே வெள்ளித் துகள், வெள்ளி அகச்சிவப்பை மறிக்கும், மென்பொருள் மாமாவின் மூக்கையும் தூசி என்று நினைத்து அழிக்கப் பார்க்கும். கோடாக்குரோம் என்ற பழைய வகை ஸ்லைடிலும் கவனம் தேவை. ஆகவே உங்கள் பேணி முழுக்கப் பழைய கறுப்பு வெள்ளை என்றால், அகச்சிவப்புக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். பிளஸ்டெக்கில் 8100 என்று அகச்சிவப்பு இல்லாத மொடலும் இருக்கிறது, விலை குறைவு. அப்புறம், பூஞ்சணம் பிடித்த பிலிமைத் தண்ணீரில் கழுவாதீர்கள். பூஞ்சணம் ஜெலற்றினை இளக்கி வைத்திருக்கும். தண்ணீர் பட்டால் படத்தோடு சேர்ந்து வழிந்துவிடும்.

நேரத்தைப் பற்றி நான் முதலில் தவறாகத்தான் நினைத்திருந்தேன். பிலிம் ஸ்கானர் வேகம், பிளாட்பெட் ஆமை என்று. மணிக்கூட்டை வைத்துப் பார்த்தபோது, அகச்சிவப்புத் துப்புரவோடு ஒரு பிரேமுக்கு இரண்டுமே மூன்று நான்கு நிமிடம் எடுத்தன. வித்தியாசம் யாருடைய நேரம் என்பதில். வி600இன் ஹோல்டரில் ஆறாறு பிரேமாக இரண்டு பட்டை, மொத்தம் 12 படம் வைக்கலாம். வைத்து, முன்தோற்றம் பார்த்து, பொத்தானை அழுத்திவிட்டுச் சந்தைக்குப் போய் வரலாம். பிளஸ்டெக்கில் ஒரு பிரேம் முடிந்ததும் ஹோல்டரைக் கையால் அடுத்த பிரேமுக்குத் தள்ள வேண்டும். நாலு நிமிடத்தில் ஒரு வேலையும் செய்ய முடியாது, எழும்பவும் முடியாது.

எங்களிடம் 35 மி.மீ. நெகட்டிவ் சுமார் 1,450 பிரேம். பிளஸ்டெக்கில் அதற்குக் கிட்டத்தட்ட 97 மணித்தியாலம் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். வி600இல் 121 தடவை ஹோல்டர் நிரப்ப வேண்டும், தடவைக்கு ஐந்து நிமிடம் என்றால் கைவேலை பத்து மணித்தியாலம்தான். இயந்திரம் எண்பது மணித்தியாலம் ஓடட்டும், அது அதன் பாடு. வேலைக்குப் போய் வருகிற ஒருவருக்கு இந்தப் பத்துக்கும் 97க்கும் இடையில்தான் பேணி முழுவதும் முடியுமா, பாதியில் நிற்குமா என்பது தீர்மானமாகிறது. அத்தான் மூன்று கிழமையில் 35 மி.மீ.இல் முடித்தது 160 பிரேம், அதுவும் கோயிலுக்குப் போகாத பின்னேரங்களில் இருந்து.

பிளாட்பெட்டின் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வி600இல் குவியம் ஒரே உயரத்தில் நிற்கிறது, நாங்கள் மாற்ற முடியாது. முப்பது வருடம் சுருண்டு கிடந்த பிலிம் ஹோல்டரில் நேராக நிற்காது; நடுப்பகுதி தொய்ந்து ஓரம் மட்டும் கூர்மையாக வரும். தொய்ந்து கண்ணாடியில் தொட்டால் எண்ணெய் மிதக்கிற மாதிரி வளையங்கள் படத்தில் விழும், நியூட்டன் வளையம் என்பது அதுதான். நான் பட்டைகளை வெள்ளைத் தாளுறைக்குள் வைத்து, அப்பப்பாவின் பழைய சட்டப் புத்தகங்களுக்கு அடியில் இரண்டு கிழமை வைத்தேன். அந்தப் புத்தகங்களுக்கு இப்போதாவது ஒரு பிரயோசனம்.

வி850 வாங்கலாமா என்று கேட்பீர்கள். வி600ஐப் போல் சில மடங்கு விலை. ஹோல்டரின் உயரத்தை மாற்றலாம், 35 மி.மீ.இல் 18 பிரேம் ஒரே தடவையில் வைக்கலாம், இருட்டும் நன்றாகப் பிடிக்கும். ஸ்டூடியோ நடத்தியவரின் பிள்ளை, வீட்டில் ஆயிரக்கணக்கில் 120உம் பெரிய தகடு நெகட்டிவ்களும் இருக்கின்றன என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். 35 மி.மீ.க்காக மட்டும் என்றால் வேண்டாம்; அந்தக் காசில் பாதிக்கும் குறைவாக வாங்குகிற பிளஸ்டெக்கையே அது எட்டாது.

பழைய நிக்கன் கூல்ஸ்கான் பிலிம் ஸ்கானர் கிடைத்தால் என்று சிலர் ஆசைப்படுகிறார்கள். 4000 டிபிஐ, அதையும் உண்மையாகவே தரும், பட்டையைத் தானே இழுத்துக்கொள்ளும். அருமையான சாமான். ஆனால் உற்பத்தி நின்று பல வருடம். நிக்கனின் மென்பொருள் புதிய விண்டோஸில் ஓடாது, வியூஸ்கான் மாதிரி ஒன்றைத் தனியாக வாங்க வேண்டும். உள்ளே உள்ள கண்ணாடி மங்கிவிடுவது அதன் பிறவிக் குணம். உப்புக் காற்றும் ஈரமும் உள்ள ஊரில் அதைத் திறந்து துடைக்க நம்பிக்கையான கை கிடைக்காவிட்டால் அழகுப் பொருளாகத்தான் வைத்திருக்கலாம். வெளிநாட்டு உறவினர்கள் பரிசாக அனுப்புகிற சின்னத் திரை வைத்த "கணினி தேவையில்லை" பெட்டிகளும் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை ஒரு மலிவுக் கமராவை உள்ளே வைத்து ஜேபெக் எடுப்பவை, அகச்சிவப்பு இல்லை. பேணியில் என்ன இருக்கிறது என்று பார்க்க நல்லது, அவ்வளவுதான்.

மூன்றாவது வழி ஒன்றை விட்டுவிடக் கூடாது. கலியாணவீட்டுப் படம் எடுக்கிற தம்பிமாரிடம் நல்ல கமரா இருக்கிறது, மோதிரத்தையும் தாலியையும் கிட்டவாக எடுக்க மக்ரோ லென்ஸும் சிலரிடம் இருக்கிறது. ஒரு நல்ல வெள்ளை வெளிச்சப் பலகை, மேலிருந்து நேராகப் பிடிக்கிற தாங்கி, அதிர்வில்லாத மேசை. 24 மெகாபிக்சல் கமராவில் ஒரு பிரேமுக்குச் சில செக்கன்தான். கறுப்பு வெள்ளைக்கு இதை நான் மனதாரச் சிபாரிசு செய்வேன், எப்படியும் அங்கே அகச்சிவப்பு உதவாது. கலர் நெகட்டிவில்தான் தலையிடி. செம்மஞ்சள் அடித்தளத்தைக் கழித்து நிறத்தைத் திருப்ப மென்பொருளும் பொறுமையும் வேண்டும், தூசியை ஒவ்வொன்றாகக் கையால் எடுக்க வேண்டும்.

கடையில் கொடுத்து எடுக்கலாமே என்பதும் நியாயமான கேள்வி. நாங்களும் கொழும்பில் ஓரிடத்தில் 40 படம் கொடுத்துப் பார்த்தோம். ஓரங்கள் வெட்டுப்பட்ட சின்ன ஜேபெக்குகள் வந்தன, ஆறு பிரேம் பட்டைகளை ஒவ்வொன்றாக வெட்டியும் தந்திருந்தார்கள். தனிப் பிரேம் எந்த ஹோல்டரிலும் ஒழுங்காக நிற்காது. கொடுப்பதானால் மூன்றைக் கேளுங்கள்: எத்தனை டிபிஐ, டிஃப் கோப்பு (ஜேபெக் மாதிரித் தரம் குறைக்காமல் சேமிப்பது) தருவார்களா, பட்டையை வெட்டாமல் வைப்பார்களா.

கோப்பின் அளவைப் பற்றி ஒரு கணக்கு. வி600இல் 35 மி.மீ.க்கு 2400 டிபிஐக்கு மேல் போகாதீர்கள். 48 பிட் நிற ஆழத்தில் டிஃப் ஒன்று 46 மெகாபைற் வரும். ஆசைப்பட்டு 6400 போட்டால் 330 மெகாபைற், அதே 1500 டிபிஐ விவரம், நீட்டி இழுத்தது மட்டும். கறிக்குத் தண்ணீர் விட்டுக் கூட்டின மாதிரி. பிளஸ்டெக்கில் 3600 போதும். எங்கள் 1,450 பிரேமும் வி600இல் 70 ஜிபிக்குள் அடங்குகிறது. மடிக்கணினியில் வேலை செய்யுங்கள். கரண்ட் போனால் ஸ்கானர் நிற்கும், கணினி நிற்காது, முடிந்த கோப்புகள் தப்பும். ஒரு பிரதியை வெளிநாட்டில் இருக்கும் யாரிடமாவது வைத்திருங்கள். இந்த ஊர்க்காரருக்கு அது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

என் தீர்ப்பு இதுதான். பேணியில் கலந்து கிடந்தால், முக்கியமாக 120 இருந்தால், வி600. முழுவதும் 35 மி.மீ., முந்நூறு நானூறு பிரேமுக்குள், அல்லது ஸ்லைட் நிறைய என்றால் பிளஸ்டெக். வாங்குவதற்கு முதல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேணியைத் திறந்து வகைவகையாகப் பிரித்து எண்ணுங்கள். நாங்கள் இரண்டு கிழமை டிபிஐக்காகச் சண்டை பிடித்தோம். 22 சுருள் 120 இருப்பது அதுவரை ஒருவருக்கும் தெரியாது. வினாகிரி மணம் வருவதைத் தனியாக எடுத்து அதை முதலில் போடுங்கள்.

இப்போது நான் செய்வது: எல்லாவற்றையும் வி600இல் ஓட்டுகிறேன், மாரிக்கு முன் முடிக்க வேண்டும். ஓடும்போது, பெரிதாக்கி மாட்டக்கூடியது என்று தோன்றும் 35 மி.மீ. பிரேமின் எண்ணைக் கொப்பியில் குறிக்கிறேன். இதுவரை 43 சேர்ந்திருக்கிறது. அடுத்த நல்லூர்த் திருவிழாவுக்கு அத்தான் வரும்போது பிளஸ்டெக்கும் வரும். அந்த 43ஐயும் வெட்டாத பட்டைகளாக, எண் போட்ட உறைகளில், சிலிக்கா ஜெல்லோடு வேறொரு பேணியில் போட்டு வைத்திருக்கிறேன். பழைய பேணியை அம்மா திரும்ப வாங்கிக்கொண்டார், அதற்குள் இப்போது பொத்தானும் நூலும்.